வெட்டிய புல்லைப் பெரிய பரப்பில் குறைந்த செலவில் வாரிச் சேர்ப்பது எப்படி?

"ஏக்கர் கணக்கில் புல் வெட்டுகிறேன், கையால் வாரி மாளவில்லை, இயந்திரம் வாங்கப் பணமில்லை, என்ன வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்தான் வரும். ஒன்று, வெட்டும் புல்லைப் பிடித்துக்கொள்ளும் பை வைத்த வண்டி வாங்குங்கள். இன்னொன்று, வாரவே வேண்டாம், அப்படியே விடுங்கள். பணமில்லை என்றவரிடம் வாங்கு என்பதும், வேண்டும் என்றவரிடம் வேண்டாம் என்பதும் என்ன பதிலோ தெரியவில்லை.

உங்களிடம் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி இருக்கிறது, புல்லைப் பக்கவாட்டில் தள்ளும் வகை, துணைக்கு ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

"விட்டால் அதுவே உரமாச்சே" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தெரியும். தரைக்கு வேண்டிய தழைச்சத்தில் (நைட்ரஜனில்) கால் பங்கு வரை அந்த வெட்டுப் புல்லே கொடுத்துவிடும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் அடிக்கடி வெட்டுகிறவர் வாரத் தேவையே இல்லை. ஆனால் மழைக்குப் பிறகு முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டதை வெட்டினால்? கட்டி கட்டியாகக் கிடந்து அடிப்புல்லை மஞ்சளாக்கிவிடும். விதை முற்றிய களைப்புல்லை விட்டுவைப்பதும் விதைப்பதும் ஒன்றுதான். மரத்தடி மண்ணை மூடிவைக்க மூடாக்கு வேண்டும் என்றால் அப்போதும் வாரத்தான் வேண்டும்.

நான் பராமரிப்பது ஒரு பெரிய வளாகம். நடுவில் விளையாட்டுத் திடல், சுற்றிலும் மரங்களுக்கிடையே புல்தரை. இங்கே பொறுப்புக்கு வந்த ஒரு மேலாளர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டிக்குப் பை இணைப்பு வாங்கிப் போட்டார். விலையைச் சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும். செழித்த புல்லில் அதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கோடு போய்த் திரும்புவதற்குள் பை நிரம்பிவிடும். இறங்கு, கழற்று, கொட்டு, மாட்டு, ஏறு. கொட்டும் குழியோ திடலின் மறுகோடியில். வெட்டுகிற நேரத்தைவிட வண்டி வெறுமனே போய்வருகிற நேரம் அதிகம். புல் கொஞ்சம் ஈரமாக இருந்தால் பை நிரம்பும் முன்பே, புல்லைப் பைக்குக் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆக, காசும் நேரமும் கரைவது சுமக்கிற இடத்தில்தான். அந்தப் பை இன்று கொட்டகையில் எலிகளுக்கு வீடு.

பை கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. சின்னத் தோட்டத்துக்கு அருமையானது.

சரி, சுமையை எப்படிக் குறைப்பது? வெயிலிடம் விட்டுவிடுங்கள். பச்சைப் புல்லின் எடையில் 80 சதவீதம் வரை தண்ணீர்தான். 100 கிலோ வெட்டினால் உள்ளே காய்ந்த பொருள் 20 கிலோ. பாதி ஈரம், பாதி காய்ந்தது என்ற அளவுக்கு வாடவிட்டால் அதே புல் 40 கிலோவுக்கு வந்துவிடும். மீதி 60 கிலோவை ஏன் முதுகு ஒடியச் சுமக்கவேண்டும்? காலையில் பனி உலர்ந்ததும் வெட்டினால் நல்ல வெயிலில் மாலைக்குள் வாரும் பதம் வந்துவிடும். கையில் அள்ளிப் பிசைந்தால் ஒட்டாமல் சரசரக்கவேண்டும். அதற்காக வரிசை வரிசையாக நாள் கணக்கில் போட்டுவைக்காதீர்கள், அடியில் தரை வெளுத்துவிடும்.

அடுத்தது, வாருகிற வேலையில் பாதியை வண்டியே செய்யட்டும். பெரும்பாலான வண்டிகளில் புல் தள்ளும் வாய் வலப்பக்கம் இருக்கும். திடலை நீள நீளமான பட்டைகளாக மனசுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் ஆறேழு வெட்டு அகலம். பட்டையின் வெளி விளிம்பில் தொடங்கி, நடுப்பகுதி எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடிகார முள் திசையில் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் புல் உள்பக்கமாகத் தள்ளப்பட்டுக் கடைசியில் பட்டையின் நடுவே நீளமாக ஒரு வரிசை கிடக்கும். பட்டையை இதைவிட அகலமாக்கினால் தள்ளிய புல்லையே வண்டி மறுபடி மறுபடி வெட்டித் திணறும். புல் ரொம்ப அடர்த்தி என்றால் இந்த உத்தி வேண்டாம். எதிர்த்திசையில் சுற்றி, வெட்டி முடித்த பக்கமே விழட்டும். வாடிய பிறகு அகலமான மரவாரியால், அதாவது நீளக் கம்பில் மரப்பல் வைத்த வாரியால், வரிசைக்கு இழுத்துக்கொள்ளலாம். தள்ளும் வாய் அடைத்தால் எஞ்சினை நிறுத்தி, கத்தி நின்றதைப் பார்த்துவிட்டு, கையை விடாமல் குச்சியால் குத்துங்கள்.

பிறகு தார்ப்பாய். இதைச் சொன்னதும்தான் எங்கள் இடத்தில் சிரித்தார்கள். மூன்று மீட்டர் சதுரத்தில் ஒரு பழைய தார்ப்பாயை வரிசையை ஒட்டி விரித்து, எதிர்ப்பக்கம் நின்று வாரியால் புல்லை அதன்மேல் தள்ளவேண்டும். தூக்கக் கூடாது, இழுக்கவேண்டும். காய்ந்த புல்தரைமேல் அது சர்ரென்று வழுக்கி வரும். பாயில் இருக்கும் உலோகக் கண்களில் கயிறு கட்டினால் கிழிந்துவிடும். அதற்குப் பதில், மூலையில் எலுமிச்சை அளவு உருண்டைக் கல்லை வைத்து, பாயால் அதைப் பொதிந்து, கழுத்தில் சுருக்குப் போடுங்கள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகுமே தவிர நழுவாது, பாயும் கிழியாது. முன்னிரண்டு மூலைகளிலிருந்து வரும் கயிறுகளை ஒரு தடிக்கம்பின் இரு முனைகளில் கட்டிவிட்டால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்து இழுக்கலாம். வண்டியின் பின்கொக்கியிலும் மாட்டலாம், மெதுவாக ஓட்டினால். முதுகுவலிக்காரர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யவில்லை, பிறகு என்மேல் பழி போடாதீர்கள்.

கொஞ்சம் காசு தேறும் என்றால், வண்டிக்குப் பின்னால் இழுக்கும் சுழல் தூரிகைக் கூட்டியைப் பழையதாகத் தேடுங்கள். அதில் எஞ்சின் கிடையாது, சக்கரம் உருளும்போது பல்சக்கரம் தூரிகையைச் சுற்றிவிடும், புல் பின்னால் துணித்தொட்டியில் விழும். வாங்கும் முன் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றிப் பாருங்கள்: தூரிகை விட்டுவிட்டுச் சுற்றினால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. ஈரப்புல்லுக்கு இதுவும் உதவாது. மேடு பள்ளத்திலும் தூரிகை எட்டாமல் விட்டுவிடும்.

மரவாரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேட்டது இதுவல்ல, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நல்ல வாரி வைத்திருப்பவரிடம்தான் ஊரே இரவல் கேட்கும். கொடுத்தால் திரும்பி வராது, வந்தால் பல் போய் வரும். கேட்டால் "பழசுதானே" என்பார்கள். பழசாகும்வரை அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது யார்? கார் சாவியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குத் தோட்டச் சாமான் என்றால் மட்டும் கூச்சமே வருவதில்லை. இப்போது என் வாரிகள் பூட்டுக்குள். கஞ்சன் என்று பெயர் வாங்கியாயிற்று, இருக்கட்டும்.

வாரியதை எங்கே போடுவது? பச்சையாகக் குவித்துவிட்டுப் போய்விட்டால் காற்றோட்டம் இல்லாமல் சளசளவென்று அழுகி அமோனியா நாறும். புல்லில் தழைச்சத்து அதிகம், அதனால் ஒரு கூடை புல்லுக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு கலந்து கிளறிவிடுங்கள், மட்கிவிடும். மூடாக்காகப் போடுவதானால் இரண்டு மூன்று விரற்கடை கனம் போதும், மரத்தண்டை ஒட்டிப் போடாதீர்கள். அரைகுறையாகக் காய்ந்ததைப் பெரிய போராக்கிக் கொட்டகைக்குள் அடைக்கவே கூடாது. ஈரப் போர் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடும். குதிரைக்குப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள், வேண்டாம். பொடிப்புல் சீக்கிரம் புளித்து வயிற்றுவலி கொடுக்கும்.

முக்கியமானது, அந்தத் தரையில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளோபைராலிட், அமினோபைராலிட் போன்றவை மட்கிய பிறகும் உரத்தில் தங்கி, தக்காளியையும் அவரை இனச் செடிகளையும் சுருட்டிவிடும். பதில் சொல்ல ஆளில்லை என்றால், அந்த மட்கையும் மண்ணையும் கலந்து ஒரு தொட்டியில் நாலு பீன்ஸ் விதை ஊன்றுங்கள், பக்கத்தில் வெறும் மண்ணில் நாலு. மூன்று இலை விடும்வரை பாருங்கள். மட்குத் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம் போலக் குவிந்து முறுக்கினால் அந்தக் குவியலைக் காய்கறிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கல் வைத்துக் கட்டும் முடிச்சு புரியவில்லை என்றால் கேளுங்கள், படம் எடுத்துப் போடுகிறேன்.