ஆஸ்திரேலியாவின் சின்ன ஊரில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

ஆஸ்திரேலியக் கிராமப்புறத்தில் பொழுது போகுமா, பார்க்க ஏதாவது இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மெல்போர்னுக்கும் அடிலெய்டுக்கும் கிட்டத்தட்ட நடுவழியில் இருக்கும் நில் என்ற ஊரை வைத்துச் சொல்கிறேன். விக்டோரியா மாநிலம், மக்கள்தொகை சுமார் 2,000, சுற்றிலும் கோதுமை வயல்கள்.

ஊர் ஒன்றுகூடும் இடம் விளையாட்டுத் திடல். குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஆஸ்திரேலியக் கால்பந்தும், கூடைப்பந்து போன்ற நெட்பாலும் நடக்கும். திடலைச் சுற்றிக் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே பார்ப்பார்கள். கோல் விழுந்தால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இங்குள்ள கரேன் மக்களின் கதை. மியான்மரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள், 2010 முதல் இங்கே குடியேறினார்கள். வாத்து இறைச்சி ஆலைக்கு ஆள் தேவைப்பட்டது. வேலையோடு விட்டுவிடாமல், வீடு, பள்ளி என்று எல்லாவற்றிலும் ஊர்க்காரர்கள் கூடவே நின்றார்கள். அதனால் வட்டாரத்துக்கு 4 கோடி டாலருக்கு மேல் பலன் கிடைத்ததாக 2015-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

சரி, பார்க்க என்ன? விமான அருங்காட்சியகம் இருக்கிறது, கவிஞர் ஜான் ஷா நீல்சனின் வீடு இருக்கிறது. ஆனால் தெற்கே உள்ள லிட்டில் டெசர்ட் தேசியப் பூங்காவைத் தவறவிடாதீர்கள். அங்கே வாழும் மாலிஃபவுல் பறவை முட்டையை அடைகாப்பதில்லை. மண்ணும் இலைச்சருகும் குவித்து மேடு கட்டும். சருகு மக்கும் சூட்டிலும் வெயிலிலும் முட்டை பொரியும். ஆண் பறவை அலகை உள்ளே விட்டுச் சூடு பார்த்து, மண்ணைக் கூட்டியும் குறைத்தும் சுமார் 33 டிகிரியில் வைத்திருக்கும். காட்டுப்பூக்களுக்குச் செப்டம்பர், அக்டோபரில் போங்கள்; அங்கே கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அப்போது வெயில் தாங்காது.