மாமியார் படுக்கையில், எனக்கு மாதம் ஒரு சளி

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. எட்டு மாதமாக மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். அப்போதிருந்து எனக்கு மாதம் தவறாமல் சளிக் காய்ச்சல், உதட்டோரம் நீர்க்கொப்புளம் வேறு. வீட்டுக்காரர் ‘குளிர் ஒத்துக்கலை’ என்கிறார். மனக்கவலையால் சளி பிடிக்குமா டாக்டர்?
– வாசகி, வயது 41

பதில்: இத்தனை வருடம் ஒத்துக்கொண்ட மலைக்குளிர் இந்த எட்டு மாதத்தில் மட்டும் ஏனம்மா ஒத்துக்கொள்ளாமல் போகிறது? நீங்கள் கேட்டதில் விஷயம் இருக்கிறது. கவலை வைரஸைக் கொண்டுவராது. வந்த வைரஸுக்கு வழி விடும்.

ஷெல்டன் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை நேராகவே சோதித்தார். ஆரோக்கியமான 394 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுமருந்தாக விட்டார்கள். மன அழுத்தம் கூடக் கூட, தொற்று பிடித்தவர்களும் கூடினார்கள். 1991-ல் வெளியான முடிவு இது. ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும் கஷ்டம்தான் ஆளைக் கவிழ்க்கிறது என்று பின்னால் தெரிந்தது. ஒருநாள் சண்டையெல்லாம் கணக்கில் வராது.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடம்பில் அழற்சி எல்லை மீறாமல் அடக்குவது அதன் வேலைகளில் ஒன்று. மாதக்கணக்கில் அழுத்தம் நீண்டால், எதிர்ப்பு அணுக்கள் அதன் பேச்சைக் கேட்பதை விட்டுவிடும். நாள் முழுக்கத் திட்டும் அம்மாவுக்கு எந்தப் பிள்ளை காது கொடுக்கும்? அப்புறம் மூக்கு வீங்கி, சளி கட்டி, காய்ச்சல் கனக்கும். வைரஸைக் கொல்லும் அணுக்களும் சுணங்கிவிடும். உதட்டுக் கொப்புளம் பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கும். எப்போதோ உள்ளே வந்து நரம்பில் தூங்கிக்கொண்டிருந்தது இப்போது விழிக்கிறது.

சளிக்கென்று பெயர் தெரியாத மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பார்த்தால் ஸ்டீராய்டாக இருக்கும், அதாவது கார்டிசோலின் பங்காளி. அதை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக்கும் வேண்டாம்.

உங்களுக்கு முதல் மருந்து தூக்கம். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என்று 2015-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. நடுராத்திரிக்குப் பிறகு புரட்டிப் போடுவது வீட்டுக்காரர் பொறுப்பு. இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள். ரத்தத்தில் சர்க்கரை, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோயா என்று பார்க்க அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை கட்டாயம்.

சளி இருக்கும் நாட்களில் மாஸ்க் போட்டுக்கொண்டு மாமியாருக்குக் கஞ்சி ஊட்டுங்கள். கொப்புளத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணில் வைக்காதீர்கள்.