டி.ரெக்ஸா, ஜிகானோட்டோசாரஸா?

கேள்வி: டைரனோசாரஸ் ரெக்ஸ் (சுருக்கமாக டி.ரெக்ஸ்), ஜிகானோட்டோசாரஸ் என்ற இரண்டு டைனோசர்களும் நேருக்கு நேர் மோதினால் எது ஜெயிக்கும்?

பதில்: என் ஓட்டு டி.ரெக்ஸுக்குத்தான். நிஜத்தில் இரண்டும் சந்தித்திருக்கவே முடியாது. ஜிகானோட்டோசாரஸ் இன்றைய அர்ஜென்டினாவில் வாழ்ந்தது, டி.ரெக்ஸ் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தலைகாட்டியதோ அதற்கு ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகள் கழித்து. சரி, கற்பனையில் மோதவிடுவோம். நீளம் இரண்டுக்குமே சுமார் 12 மீட்டர், அதில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாம் வாயில்தான் இருக்கிறது. ஜிகானோட்டோசாரஸின் பல் தட்டையானது, ஓரத்தில் ரம்பம் போல நுண்ணிய வெட்டுகள், சதையைக் கிழித்து ரத்தம் வடியவிடுவதற்கு அருமையான கருவி. டி.ரெக்ஸின் பல்லோ வாழைப்பழம் மாதிரி தடிமன், எலும்பையே நொறுக்கும். கனடாவில் கிடைத்த ஒரு புதைபடிவச் சாணம் டி.ரெக்ஸுடையது என்று கருதுகிறார்கள், அதற்குள் நொறுங்கிய எலும்புத் துண்டுகள் நிறைய இருந்தன! அப்புறம் கண்கள். டி.ரெக்ஸின் கண்கள் முன்னோக்கி இருந்ததால் எதிரி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை அது துல்லியமாகக் கணித்திருக்கும். ஜிகானோட்டோசாரஸ் முதலில் விலாவில் ஆழமாக ஒரு வெட்டு போட்டுவிட்டு விலகி நின்றால் ஆட்டம் மாறலாம், ஆனால் கழுத்து ஒருமுறை டி.ரெக்ஸின் வாயில் சிக்கினால் அது தப்பிக்க வழியே இல்லை.