புற்றுநோய் மூளைக்குப் பரவினால் ரத்த-மூளைத் தடுப்பு உடைந்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் கீமோ மருந்து உள்ளே போக வசதிதானே?

உடையும், ஆனால் நமக்கு வேண்டிய விதத்தில் உடையாது. தொல்லை எல்லாம் அங்கேதான்.

மூளையைச் சுற்றி ஏதோ உறை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மூளைக்குள் ஓடும் நுண் ரத்தக் குழாய்களின் சுவரேதான் அந்தத் தடுப்பு. கிளாடின்-5 போன்ற புரதங்கள் சுவர்ச் செல்களை இடைவெளி இல்லாமல் இறுக்கிப் பிணைத்திருக்கும். வெளிப்புறம், குழாயைத் தழுவி நிற்கும் பெரிசைட் செல்களும், மூளையின் துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளின் பாதங்களும் ஒட்டியிருக்கும். செல்லுக்குள் நுழைந்துவிடும் பல மருந்துகளைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ள பி-கிளைகோபுரோட்டீன் என்றொரு பம்பும் உண்டு. இந்தப் பம்பு பின்னால் மறுபடி வரும்.

மூளைக்கு அதிகம் பரவுபவை நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயும். அந்தச் செல்கள் குறுகலான குழாயில் சிக்கி, மெல்ல மெல்லச் சுவரை ஊடுருவி வெளியே வருகின்றன. சில செல்கள் கேத்தெப்சின்-எஸ் என்ற நொதியைச் சுரந்து சுவரின் பிணைப்புப் புரதத்தையே வெட்டுகின்றன. கட்டி மிகச் சிறியதாக இருக்கும்வரை ஏற்கெனவே உள்ள குழாய்களை ஒட்டியே வளரும், தடுப்பும் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். பெரிதானதும் விஇஜிஎஃப் (VEGF) போன்ற தூண்டுபுரதங்களைச் சுரந்து புதுக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். அவை கோணல்மாணலானவை. பிணைப்பு தளர்ந்து, பெரிசைட்டுகள் மாறி, ஆஸ்ட்ரோசைட் பாதங்கள் விலகிவிட்டிருக்கும். கசிவு அங்கேதான் தொடங்குகிறது.

கசிவதில் முதலில் நோயாளியைப் படுத்துவது நீர்தான். ரத்த நீரும் புரதமும் வெளியேறி, மூளையின் வெண்பகுதியில் வீக்கம் பரவும். கட்டி சிறியதாக இருந்தாலும் வீக்கம் பெரிதாக இருக்கலாம். தலைவலி, வாந்தி, கை கால் பலவீனம் எல்லாம் பல நேரம் இந்த வீக்கத்தால் வருபவை. என் அக்காவுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்த ஓரிரு நாளில் தலைவலி விட்டது. நோயே குறைகிறது என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். உண்மையில் அந்த ஸ்டீராய்டு கசிவைக் குறைத்து வீக்கத்தைத்தான் வடியவைக்கிறது. கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். எம்ஆர்ஐ எடுக்கும்போது ஊசியில் ஏற்றும் கடோலினியமும் இதே கசிவைத்தான் காட்டுகிறது: தடுப்பு நன்றாக இருக்கும் இடத்தில் அது வெளியேறாது, கெட்ட இடத்தில் வெளியேறிப் பளிச்சென்று தெரியும்.

இனி உங்கள் கேள்வி. சுவரில் ஈரம் கசிகிறது என்பதற்காக அதில் வாசல் திறந்ததாக ஆகிவிடாது. மார்பகப் புற்றுநோயை மூளையில் வளர்த்த எலிகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், 89 சதவீதத்துக்கும் மேலான கட்டிகளில் ஓரளவாவது கசிவு இருந்தது. ஆனால் செல்லைக் கொல்லும் அளவுக்கு பாக்லிடாக்ஸல், டாக்சோரூபிசின் ஆகிய கீமோ மருந்துகள் சேர்ந்தது சுமார் 10 சதவீதக் கட்டிகளில் மட்டும். ஒரே தலையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிகள்கூட ஒன்றுபோல் கசிவதில்லை. முன்பு சொன்ன பம்பும் பல இடங்களில் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். கசிந்த நீரால் கட்டிக்குள் அழுத்தம் கூடுவதும் மருந்து ஆழமாகப் பரவத் தடை. கட்டியின் ஓரத்தில், நல்ல மூளைக்குள் ஊடுருவும் செல்கள் கெடாத தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. உடம்பில் கட்டிகள் சுருங்கும்போதே தலையில் புதிதாக ஒன்று முளைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சு சிகிச்சைக்கும் இந்தத் தடுப்பு ஒரு பொருட்டல்ல, அதனால்தான் இன்றும் அவை முன்னால் நிற்கின்றன. மாத்திரைகளில் ஓசிமெர்டினிப், லோர்லாடினிப், டுகாடினிப் போன்றவை மூளைக்குள் பலன் காட்டியவை. ஆனால் அந்தந்த மரபணு மாற்றமோ புரதமோ கட்டியில் இருந்தால்தான் பயன். நிவோலுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகளின் வழி வேறு: அவை தூண்டிவிடும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் தாமாகவே மூளைக்குள் நுழையும். இங்கே ஒரு இழுபறி உண்டு. ஸ்டீராய்டு அந்த டி செல்களையும் அடக்கும் என்பதால் டாக்டர்கள் அதன் அளவை முடிந்தவரை குறைக்கப் பார்ப்பார்கள். அதற்காக நீங்களாகவே ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், வீக்கம் திரும்பிவிடும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது “மருந்து உள்ளே போகுமா” என்பதோடு நிறுத்தாமல், “மூளைக் கட்டி உள்ளவர்களிடம் இந்த மருந்தைச் சோதித்தபோது கட்டி சுருங்கியதா” என்று கேளுங்கள்.