பணவீக்கம் குறைந்ததாம், கடை பில் ஏன் குறையவில்லை?

கேள்வி: நியூஜெர்சியில் ஒரு சின்ன டிபன் கடை நடத்துகிறேன். பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். மளிகை பில்லோ இறங்கவே இல்லை. விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார்களோ என்று பயம். கடைக் கடன், கார்டு பாக்கி, வீட்டுக் கடன் மூன்றும் இருக்கின்றன. எதை முதலில் கவனிப்பது?

பதில்: முதலில் அந்தச் செய்தியைப் பார்ப்போம். 2022 ஜூனில் அமெரிக்காவின் பணவீக்கம், அதாவது ஓராண்டில் விலைகள் ஏறிய அளவு, 9.1 சதவீதம்; நாற்பது ஆண்டுகளில் அவ்வளவு உயர்ந்ததில்லை. அடுத்த ஜூனில் அது 3 சதவீதமானது. 2021 ஜூனில் 100 டாலருக்கு வாங்கியது 2022 ஜூனில் 109 டாலர், 2023 ஜூனில் 112 டாலர். ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை ஏறியதுதான்.

அதுவும் நாடு முழுவதற்குமான சராசரி. உங்கள் கடையின் கணக்கு வேறு. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியபோது, இங்கே இந்தியக் கடைகளில் சோனா மசூரி மூட்டைக்கு வரிசை நின்றது நினைவிருக்கும். அந்த மாதம் அமெரிக்க அரசு வெளியிட்ட சராசரியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்திருக்க முடியும்?

அதனால் ஒரே ஒரு தட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். மசால் தோசை 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து, உருளை, எண்ணெய் எல்லாம் சேர்த்து 3.60. ஆள் கூலி 4. வாடகை, கேஸ், மின்சாரம், காப்பீடு 3. வாடிக்கையாளர் கார்டில் பணம் கட்டும்போது உங்களிடம் பிடிக்கும் கார்டு கட்டணம் 3 சதவீதம் என்றால் 36 சென்ட். கையில் நிற்பது 1.04 டாலர். இப்போது கார்டு கட்டணம் தவிர மற்ற செலவுகள் 8 சதவீதம் ஏறினால்? மிஞ்சுவது வெறும் 19 சென்ட். செலவு கொஞ்சம்தான் ஏறியது, லாபத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் போய்விட்டது. விலையை 50 சென்ட் ஏற்றினால் 68 சென்ட் நிற்கும். 13 டாலராக்கினால் 1.16. விலை ஏறும்போது கார்டு கட்டணமும் கூடவே ஏறும், அதை மறந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். இட்லி, ஃபில்டர் காபி விலை எல்லோருக்கும் மனப்பாடம், அதைக் கடைசியில் தொடுங்கள். தோசை வகை, காம்போ, கேட்டரிங் டிரே இவற்றில் முதலில் ஏற்றுங்கள். கேட்டரிங்குக்குச் சொல்லும் விலை 30 நாள்தான் செல்லும் என்று எழுதியே கொடுங்கள். அளவைக் குறைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். விலை ஏறினால் முணுமுணுத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். சட்னிக் கிண்ணம் சின்னதானால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். இது என் அபிப்பிராயம், ஆனாலும் பல கடைகளில் பார்த்தது.

அப்புறம் கடன். கடைக் கடன் வட்டி, வங்கிகள் அடிப்படையாக வைக்கும் பிரைம் ரேட்டோடு மாறுகிற வகையா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எஸ்பிஏ (சிறுதொழில்களுக்கான அமெரிக்க அரசு அமைப்பு) உத்தரவாதம் தரும் கடன்களில் பல அப்படித்தான். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்ற ஏற்ற, 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 3.25 சதவீதமாக இருந்த பிரைம் ரேட் 2023 ஜூலையில் 8.5 ஆனது. ஒரு லட்சம் டாலர் பாக்கி என்றால், வட்டி மட்டும் ஆண்டுக்கு 5,250 டாலர் கூடுதல். 2024 செப்டம்பரில் வட்டியைக் குறைக்கத் தொடங்கினார்கள். அந்தக் குறைப்பு உங்கள் தவணையில் வந்து சேர்ந்ததா என்று வங்கியில் கேளுங்கள்.

வீட்டுக் கடன் நிலையான வட்டியில் எடுத்ததா? சரி, அப்படியே விடுங்கள். 30 வருடக் கடன் வட்டி 2021 ஜனவரியில் சராசரி 2.65 சதவீதம், 2023 அக்டோபரில் 7.79. பழைய மலிவான கடனை அவசரப்பட்டு அடைத்துவிட்டு, 20 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும் கார்டு பாக்கியை வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கார்டுதான் முதலில் தீர வேண்டும், அடுத்தது மாறும் வட்டிக் கடைக் கடன்.

கடைசியாக, கடையின் குத்தகைப் பத்திரம். வாடகை ஆண்டுதோறும் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி, அதாவது பணவீக்கத்தின் அளவுக்கு, ஏறும் என்று ஒரு வரி இருக்கலாம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதற்கு 3 சதவீத உச்சவரம்பு போடச் சொல்லிக் கேளுங்கள். கட்டட உரிமையாளர் 4 என்பார். அதற்கும் ஒத்துக்கொள்ளலாம், பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால்.