எல்க் வேட்டைக்கு உடம்பைத் தயார் செய்வது: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் என்ற பெரிய மானுக்கான வில் வேட்டை செப்டம்பரில் தொடங்கிவிடும், துப்பாக்கி சீசன்கள் அக்டோபர், நவம்பர் என்று நீளும். இப்போது மே மாதம். உடம்பைத் தயார் செய்ய இதுதான் சரியான நேரம், ஆகஸ்டில் வந்து கேட்டால் என்னால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. முதன்முறையாக எல்க் வேட்டைக்கு வரும் நம்மவர்கள் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வாரத்துக்கு ஐந்து நாள் ஜிம் போகிறேன், பெஞ்ச் பிரஸ் 200 பவுண்டு போடுவேன். இது போதாதா?

போதாது தம்பி. பலம் இருப்பது நல்லதுதான், ஆனால் மலையில் முக்கால்வாசி வேலை இடுப்புக்குக் கீழே. அதைவிட முக்கியம், சுட்டதோடு வேட்டை முடிந்துவிடாது, பெரிய வேலையே அதற்கப்புறம்தான். வளர்ந்த ஆண் எல்க் 700 பவுண்டு வரை இருக்கும். தோலுரித்து எலும்பு நீக்கி எடுத்தால் இறைச்சி மட்டுமே 200 பவுண்டைத் தொடும், தலையும் கொம்பும் தனி. ஒரு பின்தொடையை எலும்போடு தூக்கினால் 60 பவுண்டுக்கு மேல் வரும். வண்டி மூன்று மைல் தள்ளி நிற்கிறது, நான்கு நடையில் கொண்டுவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமையோடு நான்கு முறை, வெறும் பையோடு திரும்பிப் போவது மூன்று முறை, ஆக மொத்தம் 21 மைல். அதுவும் பாதையே இல்லாத சரிவில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி.

செப்டம்பர் பகல் வெயிலில் இறைச்சி கெட்டுப்போக நேரம் ஆகாது. பின்தொடையில் எலும்பை ஒட்டிய சதைக்குள் சூடு தங்கிவிடும், முதலில் நாறத் தொடங்குவது அதுதான். சாப்பிடத் தகுந்த இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவருவது கொலராடோவில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது தப்புதான், ஒரு உயிரை எடுத்துவிட்டு முதுகு வலிக்கிறது என்று விட்டுவர முடியாது. அதனால் எவ்வளவு தூரம் நடந்து போக முடியும் என்று யோசிக்காதீர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து சுமந்து வர முடியும் என்று யோசியுங்கள். அந்த எல்லைக்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் சுடக் கூடாது.

கேள்வி: நான் இருப்பது ஹூஸ்டனில். இங்கே மேடு என்று சொல்ல ஒரு பாலம்கூட இல்லை. மலை ஏறப் பழகுவது எப்படி?

பல மாடி கார் பார்க்கிங் கட்டடம் ஒன்றைப் பிடியுங்கள். படிக்கட்டில் ஏறுங்கள், சரிவு வழியாக இறங்குங்கள், பையோடு. அது கிடைக்காவிட்டால் டிரெட்மில்லை 12 அல்லது 15 சதவீதச் சாய்வில் வைத்து மெதுவாக நடக்கலாம், ஆனால் கம்பியைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பாதி எடை கைக்குப் போய்விடும், கால் எதையும் கற்றுக்கொள்ளாது.

முதல் மாதம் சுமையே வேண்டாம். வாரத்தில் மூன்று நான்கு நாள், ஒரு மணி நேரம், மூச்சுவாங்காமல் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு போகக்கூடிய வேகத்தில் நடங்கள். பலரும் இதைத்தான் தவிர்க்கிறார்கள், வியர்த்துக் கொட்டினால்தான் பயிற்சி என்ற நினைப்பு. மலையில் பத்து மணி நேரம் தாங்கும் மூச்சு இந்த மெதுவான நடையில்தான் வரும். அடுத்து 20 பவுண்டு, அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஆகஸ்டில் 50 பவுண்டு வரை போனால் போதும், அதுவும் வாரத்தில் ஒரு நாள் மட்டும். சுமையோடு ஓடவே கூடாது, முட்டி போய்விடும்.

சுமைக்கு மணல் மூட்டை, இரும்புத் தட்டு எல்லாம் தேவையில்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. கேனில் நிரப்பிப் பையில் வையுங்கள். கால் ரொம்ப ஓய்ந்துபோன நாளில் உச்சியிலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம்.

கேள்வி: இவ்வளவு பயிற்சி செய்துவிட்டால் உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி வராது அல்லவா?

வரும். இதை எல்லோரும் மனதில் வையுங்கள்: உயர நோய்க்கும் உடல் தகுதிக்கும் சம்பந்தம் இல்லை, மாரத்தான் ஓடுபவருக்கும் வரும். 10,000 அடியில் மூச்சுக்கு மூச்சு உங்களுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம்தான். அதற்கு உடம்பு பழக நாள் வேண்டும், வேறு வழி இல்லை. டென்வர் 5,280 அடியில் இருக்கிறது, விமானத்தில் வந்து இறங்கினால் ஒரு இரவாவது அங்கே தூங்குங்கள், அப்புறம் 8,000 அடி பக்கம் ஒரு இரவு, அதன்பிறகு முகாம். முதல் இரண்டு நாள் மது வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். முன்கூட்டியே எடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை இருக்கிறது, அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தலைவலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், நடை தள்ளாடினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் கீழே இறங்கிவிடுங்கள். இரவாக இருந்தாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: வயது 49, லேசாக சர்க்கரை, பிபிக்கு மாத்திரை. நடப்பேன், நெஞ்சு வலி எதுவும் இல்லை. நேரடியாகப் பயிற்சியை ஆரம்பிக்கலாமா?

அண்ணே, முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள், பையெல்லாம் அப்புறம் வாங்கலாம். தெற்காசியர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிடச் சில வருடங்கள் முன்னதாகவே வருகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம், வலி இல்லை என்பதால் அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள்: 10,000 அடி உயரம், விடியற்காலைக் குளிர், 60 பவுண்டு சுமை, செங்குத்து ஏற்றம். டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்று அவர் சொல்வார். விலங்கைப் பார்த்ததும் ஏறும் படபடப்பு, உடனே சரிவில் பாய்ந்து ஏறுவது, குளிரில் சுருங்கிய ரத்தக்குழாய், எல்லாம் ஒரே நேரத்தில் சேரும். மலையில் ஆம்புலன்ஸ் வர மணிக்கணக்காகும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவராக இருந்தால் அது உறையாமல் பார்த்துக்கொள்ளவும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்றால் தைரியமாக வாருங்கள், 49 ஒன்றும் பெரிய வயதில்லை.

கேள்வி: அண்ணா, நான் வில்லோடு வருகிறேன். பெண்களுக்கு எவ்வளவு இழுவை எடை (நாணை இழுக்கத் தேவையான பலம்) வேண்டும்? தோள் பயிற்சி எது?

சட்டப்படி கொலராடோவில் பெரிய விலங்குகளுக்குக் குறைந்தது 35 பவுண்டு இழுவை இருக்க வேண்டும் சகோதரி. எல்க்குக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் நல்லது, ஆனால் உங்களால் ஆடாமல் இழுக்க முடிந்த அளவுதான். ஒரு சோதனை சொல்கிறேன்: தரையில் உட்கார்ந்து, குளிர்ஜாக்கெட் போட்டுக்கொண்டு, அம்பை இலக்கை நோக்கியே வைத்து இழுத்துப் பாருங்கள். இழுப்பதற்காக வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்க வேண்டியிருந்தால் எடை அதிகம், குறையுங்கள். அந்த அசைவை எல்க் பார்த்துவிடும். ரப்பர் பட்டையால் பின்தோள் தசைக்குப் பயிற்சி, ஒரு கையால் டம்ப்பெல் இழுப்பது, இரண்டும் வாரம் இருமுறை போதும்.

அதோடு படியில் நான்கு மாடி வேகமாக ஏறிவிட்டு உடனே இழுத்துக் குறிபாருங்கள். வில்லில் குறிபார்க்கும் முள் எப்படி ஆடுகிறது என்று தெரியும். இரண்டு மூன்று ஆழ்ந்த மூச்சு விட்டு, மூச்சை வெளியே விட்டதும் வரும் சின்ன இடைவெளியில் அம்பை விடப் பழகுங்கள். துப்பாக்கிக்காரர்களுக்கும் இதேதான், காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு. மூச்சு அடங்காமல் சுட்டுக் காயப்படுத்தினால் அந்த விலங்கு நாள்கணக்கில் வலியோடு அலையும்.

கேள்வி: ஏறுவது பிரச்சினை இல்லை, இறங்கினால் முட்டி கொல்கிறது.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அதற்குத் தனியாகப் பழக வேண்டும். எட்டு அங்குலப் படியில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் குதிகாலை மூன்று நொடி எடுத்து மெதுவாகத் தரையில் தொடுங்கள், முட்டி உள்பக்கம் சாயாமல். காலுக்குப் பத்து, மூன்று முறை. இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும். வீக்கம் இருந்தால் மட்டும் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்.

கேள்வி: ஹெச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி தொடலாமா?

பொதுவாகத் தற்காலிக விசாக்காரர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், இதில் தப்பினால் விசாவே போகும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும், அதையும் இப்போதே முடியுங்கள்.

கேள்வி: மலையில் என்ன சாப்பிடுவது? புரோட்டீன் பார் எனக்கு இறங்காது.

உயரத்தில் பசியே எடுக்காது, அதனால் பிடித்ததைக் கொண்டுபோங்கள். கடலை மிட்டாய், வறுத்த நிலக்கடலை, பேரீச்சை, முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரை, சப்பாத்தி. பருப்பு வேகவைக்கலாம் என்று நினைக்காதீர்கள், 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது.

கேள்வி: நான் கோயம்புத்தூர். இங்கே வேட்டைக்கு வழி உண்டா?

இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை, அந்தத் தடை இருக்கவும் வேண்டும், நம் காடுகளில் மிச்சம் இருப்பது கொஞ்சம். மேலே சொன்ன பயிற்சி வெள்ளியங்கிரிக்கு அப்படியே பொருந்தும். பிப்ரவரி முதல் மே வரை ஏழு மலை ஏறுகிறார்கள், பயிற்சியே இல்லாமல் போய் நெஞ்சடைத்து இறந்தவர்கள் பற்றிச் செய்தி வந்திருக்கிறது. மருத்துவரைப் பாருங்கள் என்று மேலே அண்ணனுக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

கேள்வி: கடைசி வாரம் என்ன செய்ய வேண்டும்?

சுமையை இறக்கிவிடுங்கள். அரை மணி நேர நடை, கொஞ்சம் வில் பயிற்சி, நல்ல தூக்கம், அவ்வளவுதான். கடைசி நிமிடத்தில் புது பூட்ஸ் வாங்கிப் போடாதீர்கள், அதை ஜூலையிலேயே வாங்கிச் சுமையோடு நடந்து பழக்கியிருக்க வேண்டும். ஏறும்போது குதிகாலில் கொப்புளம் வரும், இறங்கும்போது விரல் நுனி பூட்ஸில் இடிக்கும், அதனால் கால் நகங்களைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். முந்தின இரவு வெட்டினால் விளிம்பு கூராக நின்று பக்கத்து விரலைக் கிழிக்கும்.