கடலைத் தோல், மல்பெரிக் குச்சி, மாங்கொட்டை: எரிகட்டி பற்றிக் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிரிக்கெட் எனும் எரிகட்டி, அதாவது பண்ணைக் கழிவுத் தூளை அழுத்திச் செய்யும் விறகுக் கட்டி, தயாரிக்க நினைப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

பென்னாகரம், விவசாயி: அண்ணா, நிலக்கடலைத் தோல், துவரைமார் எனும் காய்ந்த துவரைத் தண்டு, இவற்றைக் கட்டியாக்கப் பசை சேர்க்கணுமா?

வேண்டாம். தூளைப் பலமாக அழுத்தும்போது சூடேறி, செடியிலேயே இருக்கும் லிக்னின் எனும் பொருள் பசைபோல இளகிப் பிடித்துக்கொள்ளும். பசை கேட்பது கரித்தூள்தான். அதற்குக் குச்சிக்கிழங்கு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கலந்தால் போதும்.

பாலக்கோடு, பட்டுப்புழு வளர்ப்பவர்: புழு தழையைத் தின்றபின் குச்சி ஷெட் ஓரம் குவிந்து கிடக்கிறது. விலை போகுமா?

காய்ந்திருந்தால் போகும். ஈரம் 10 சதவீத அளவில் இருக்கவேண்டும். கூடினால் உள்ளே நீராவி கட்டிக்கொண்டு, மெஷின் வாயை விட்டு வரும்போதே கட்டி பட்டென்று பிளக்கும். 30 சதவீத ஈரமுள்ள 100 கிலோவை 10 சதவீதத்துக்கு உலர்த்தினால் மிஞ்சுவது 78 கிலோ. மீதி 22 கிலோ தண்ணீருக்கு யார் காசு கொடுப்பார்? குச்சியை ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று முறிந்தால் சரி. நார் பிரிந்து வளைந்தால் இன்னும் வெயிலில் கிடக்கட்டும். புழுக்கையை உதறி எருக்குழியில் போடுங்கள்.

அரூர்: கேழ்வரகுத் தாள், கடலைக்கொடி?

மாடு தின்பதை மெஷினில் போடாதீர்கள். கோடையில் தீவனம் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஊத்தங்கரை: எந்த மெஷின் வாங்கலாம் சார்?

மெஷின் அப்புறம். வருஷம் முழுக்க என்ன சரக்கு கிடைக்கும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். கடலை சீசன் முடிந்தபின் துவரைமார், மல்பெரி என்று மாற்றுச் சரக்கு வேண்டும். தூரத்திலிருந்து வாங்கவும் முடியாது. தோல் லாரி கொள்ளாமல் நிறையும், எடை நிற்காது, வாடகையே தின்றுவிடும். நம் செம்மண் ஒட்டிய தோல், கட்டி பிதுங்கி வரும் அச்சான டையை வேகமாகத் தேய்க்கும். குதிரைசக்தியைப் பற்றி விசாரிக்கிற பலர் அந்த மண்ணைச் சலித்தெடுக்கும் சல்லடையைப் பற்றிக் கேட்பதே இல்லை.

காவேரிப்பட்டணம்: மாங்கூழ் ஆலையில் கொட்டை சும்மா கிடைக்கிறது.

ஈரமும் நாரும் அதிகம்; உடைத்துக் காயவைக்க இடமும் ஆளும் வேண்டும். பருப்பில் கொழுப்பு உண்டு, அதற்குத் தனிச் சந்தை இருக்கிறது. கொட்டையின் மேல் ஓடு மட்டும் எரிக்க ஆகும்.

தருமபுரி, பட்டுநூல் பட்டறை: உமிக் கட்டி மலிவாகத் தருகிறார்கள், வாங்கலாமா?

உமியில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல். கடலைத் தோலில் அதைவிட மிகக் குறைவு. கிலோவுக்குக் கிடைக்கும் சூடும் உமியில் குறைவு. சாம்பல் அள்ளும் கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். எதை வாங்கினாலும் கூரைக்குக் கீழே, தரையில் படாமல் அடுக்குங்கள். நனைந்தால் கட்டி உதிர்ந்து பழையபடி தூளாகிவிடும்.